பூஜ்யத்துக்கும் கீழே

பளிச்சக்காவின் கண்ணுக்கு வெள்ளையிலேயே பதினொரு வெள்ளை தெரியும். கோடித் துணியின் வெள்ளை வேறு, நாலு சலவை கண்ட வெள்ளை வேறு என்பாள். நிழலில் காய்ந்ததையும் வெயிலில் காய்ந்ததையும் வாசலில் நின்றபடியே பிரித்துச் சொல்லிவிடுவாள். மூட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போதெல்லாம் "பளிச்சுனு இருக்கா, பாத்துக்குங்க" என்று சொல்லிச் சொல்லி அதுவே அவளுக்குப் பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் கையெழுத்துப் போடும்போது மட்டும்தான் ஞாபகம் வரும்.

அவளுடைய சலவைக்கூடத்தில் இரண்டு பெரிய மெஷின்கள், பின்புறம் கொடிகள், முன்புறம் அவள் புருஷன் நின்று தேய்க்கும் நீள மேஜை. தெருவில் நாலு பேர் கொண்டுவரும் சட்டை, பேன்ட் எல்லாம் பொரிகடலைக்குத்தான் ஆகும். சோறு போடுவது ஆஸ்பத்திரி. நாளொன்றுக்கு நூற்றுநாற்பது படுக்கை விரிப்பு, டாக்டர்களின் கோட்டுகள், ஆபரேஷன் அறைத் துணிகள்.

அந்த ஆஸ்பத்திரி விரிப்புகளில்தான், கொல்லைக் கிணறு வற்றி ஊர்க் குழாய்த் தண்ணீருக்கு மாறிய இந்த மூன்று வாரமாக, பன்னிரண்டாவதாக ஒரு வெள்ளை வந்து சேர்ந்தது. அதற்கு அவளிடம் பெயர் இல்லை. முதலில் அவள் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது, பிறகு புருஷன் கண்ணுக்குத் தெரிந்தது, கடைசியில் ஊருக்கே தெரிந்தது: பழுப்பு. சோப்பைக் கூட்டினாள். பிளீச்சைக் கூட்டினாள். கூட்டக் கூட்டப் பழுப்பும் கூடியது. ஒருநாள் சந்தேகப்பட்டு ஒரு வாளி குழாய்த் தண்ணீரில், துணியே இல்லாமல், ஒரு மூடி பிளீச்சை ஊற்றி வைத்தாள். கண்ணாடிபோல இருந்த தண்ணீர் பத்து நிமிஷத்தில் தேநீர் ஆனது.

"பாத்தீங்களா?" என்றாள் புருஷனிடம்.

"பாத்தேன். சர்க்கரை மட்டும்தான் பாக்கி" என்றார் அவர்.

மறுநாள் ஆஸ்பத்திரித் தலைமை நர்ஸ் நேரிலேயே வந்துவிட்டார். கையில் ஒரு விரிப்பு.

"என்னக்கா இது? ஆபரேஷன் முடிஞ்சு கண் முழிச்ச ஆளு முதல்ல கேக்கறது 'நான் பொழைச்சேனா'ன்னு இல்லை. 'எனக்கு முன்னாடி இதுல யார் படுத்திருந்தாங்க'ன்னு கேக்கறாரு."

"தண்ணி சரியில்ல சிஸ்டர். துணி மேல சத்தியமா தண்ணிதான்."

"நான் நம்பறேன். எனக்கு மேல இருக்கறவங்க நம்பணுமே. நீர் ஒளியளவை நிலையம்னு ஒண்ணு இருக்கு இல்ல? அங்க சோதிச்சு எழுத்துல வாங்கிட்டு வாங்க. மாசம் முடியறதுக்குள்ள வரலைன்னா வேற ஆளைப் பாக்கச் சொல்லி மேலேருந்து உத்தரவு."

பளிச்சக்கா அன்றே ஒரு பாட்டில் தண்ணீரோடு கிளம்பினாள்.

நிலையத்தின் வாசல் வளைவில் 'கண் ஏமாற்றும். ஒளி ஏமாற்றாது' என்று பொறித்திருந்தது. மூன்று மாடி. எல்லா ஜன்னலும் கறுப்புத் திரை. உள்ளே மாதிரிகளை வாங்கும் எழுத்தர் பாட்டிலைத் தொடவில்லை. படிவத்தை நீட்டினார். பெயர், விலாசம், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் எழுதிவிட்டாள். ஏழாவது கட்டத்தில் பேனா நின்றது.

"சார், 'பார்க்க வேண்டிய அலைநீளம்'னு போட்டிருக்கே, அது என்ன?"

"தண்ணியை எந்த அலைநீளத்துல பாக்கணும்னு நீங்கதாம்மா சொல்லணும். நானோமீட்டர்ல."

"எனக்கு எப்படி சார் தெரியும்? நீங்க எல்லாத்துலயும் பாருங்களேன்."

எழுத்தர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, டாக்டர்கிட்டப் போய் எனக்கு என்ன நோயோ அதுக்கு மருந்து கொடுன்னு கேப்பீங்களா?"

"அப்படித்தானே சார் கேக்கறோம்?"

எழுத்தர் சற்று யோசித்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு சட்டத்துக்குத் திரும்பினார். அறியாத மக்கள் வாயில் வந்த அலைநீளத்தை எழுதிக் கருவியின் நேரத்தை வீணாக்குவதால், ஏழாவது கட்டத்தை நிரப்பும் தகுதி பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டுமே உண்டு. பயிற்சியின் பெயர் 'பகுப்பாய்வு வேதியியலில் ஒளி நிறமாலையியல்: ஓர் அறிமுகம்'. மூன்று நாள். கடைசியில் பரீட்சை.

"பயிற்சி முடிச்ச ஒருத்தரா நீங்களே நிரப்பித் தரக்கூடாதா சார்?"

"நான் நிரப்பிட்டா அப்புறம் அந்தப் பயிற்சி எதுக்கும்மா?" என்றார் எழுத்தர். பளிச்சக்கா பயிற்சிக்குத் தன் பெயரை எழுதிக்கொடுத்தாள்.

வகுப்பில் ஆறு பேர். கிணறு தோண்டுகிறவர், பள்ளிக்கூடச் சமையல்காரி, ஐஸ் கட்டி செய்கிறவர் என்று தண்ணீரோடு மல்லுக்கட்டும் கூட்டம். பளிச்சக்காவுக்குப் பக்கத்தில் ஒரு மீன்பண்ணைக்காரர். அவருக்கு இது நாலாவது அறிமுகம். பரீட்சையில் தோற்றுத் தோற்று, எந்த மீனுக்காக வந்தாரோ அந்த மீன்களின் பேரக்குழந்தைகளுக்காக இப்போது வந்துகொண்டிருந்தார்.

விரிவுரையாளர் முதல் நாள் விளக்கை அணைத்தார். இருட்டு. பிறகு போட்டார்.

"இப்ப வந்ததே, அதுதான் ஒளி" என்றார். "முதல் பாகம் முடிஞ்சுது. பத்து நிமிஷம் இடைவேளை."

இடைவேளைக்குப் பின் விஷயத்துக்கு வந்தார். ஒரு பக்கம் ஒளியை அனுப்புகிறோம், நடுவில் தண்ணீர், மறுபக்கம் வெளியே வருகிற ஒளியை அளக்கிறோம். குறைந்திருந்தால் நடுவில் எதுவோ தின்றிருக்கிறது. எவ்வளவு தின்றது என்பதிலிருந்து எவ்வளவு பேர் உட்கார்ந்து தின்றார்கள் என்று கணக்கிடலாம்.

மீன்பண்ணைக்காரர் கையைத் தூக்கினார். "நம்ம குளத்துல பறவை இறங்கற மாதிரிதானே சார்? எத்தனை குஞ்சு விட்டேன், எத்தனை மீன் பிடிச்சேன், நடுவுல காணாமப் போனது எத்தனை? அதுலயும் பாருங்க, ஒவ்வொரு பறவைக்கும் ஒவ்வொரு அளவு மீன்தான் தொண்டையில இறங்கும். எந்த அளவு மீன் குறையுதுன்னு பாத்தா எந்தப் பறவை வந்துச்சுன்னு வீட்டுல இருந்தபடியே சொல்லிடுவேன்."

விரிவுரையாளர் இதைச் சொல்ல நாற்பத்திரண்டு படங்கள் வைத்திருந்தார். "மீன் வேற, ஒளி வேற" என்று மட்டும் சொன்னார்.

இரண்டாம் நாள் நிறங்கள். ஒரு பொருள் எந்த நிறத்தைத் தின்கிறதோ அது போக மிச்சம்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறது என்றார். மஞ்சளாகத் தெரிவது நீலத்தைத் தின்றுவிட்டது. நீலமாகத் தெரிவது மஞ்சள் பக்கத்தைத் தின்றுவிட்டது. இதைக் கேட்டதும் பளிச்சக்கா எழுந்துவிட்டாள். இருபத்தாறு வருஷமாகக் கையால் செய்துகொண்டிருந்ததற்கு இன்றைக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

"சார், அதனாலதான் நாங்க கடைசி அலசல்ல நீலம் போடறோம்! துணி மஞ்சளடிச்சா அது நீலத்தைத் திங்குதுன்னு அர்த்தம். நீலம் போட்டா அது மத்ததையும் தின்னு சரிசமமா ஆக்கிடுது. ரெண்டு பேரும் ஒரே அளவு தின்னுட்டா கண்ணுக்கு வெள்ளை. ஆனா சார், நீலம் அழுக்கை எடுக்கறதில்லை. மறைக்கத்தான் செய்யும். கொஞ்சம் மங்கலும் கூடும்."

வகுப்பே திரும்பிப் பார்த்தது. விரிவுரையாளர் மெதுவாகத் தன் குறிப்பேட்டைப் புரட்டினார்.

"அது பாடத்திட்டத்துல இல்லை" என்றார்.

"ஆனா உண்மை சார்."

"இருக்கலாம். பரீட்சையில எழுதிடாதீங்க."

மூன்றாம் நாள்தான் அசல் பாடம். இரும்பைக் கண்டுபிடிக்க ஒரு மருந்து உண்டு. தண்ணீரில் இரும்பு இருந்தால் அது செம்மஞ்சளாக மாறும். அந்தச் செம்மஞ்சள் ஐந்நூற்றுப் பத்து நானோமீட்டர் பச்சை ஒளியைத் தின்னும். அதற்கு முன் கருவிக்கு 'வெறும் தண்ணீர்' காட்ட வேண்டும். "கருவிக்குச் சுத்தம்னா என்னன்னு தெரியாது" என்றார் விரிவுரையாளர். "நாமதான் காட்டணும். இதுதான் சுத்தம், இதைப் பூஜ்யம்னு வெச்சுக்கோன்னு காய்ச்சி வடிச்ச தண்ணியைக் காட்டுவோம். அப்புறம் எதைக் காட்டினாலும் அதோட ஒப்பிட்டுத்தான் சொல்லும். ரெண்டுலயும் அதே மருந்தை ஊத்தணும்."

"வெறும் தண்ணில மருந்து ஊத்தினா என்ன ஆகும் சார்?" என்று கேட்டாள் பளிச்சக்கா.

"ஒண்ணும் ஆகாது. நிறம் வந்தா அது வெறும் தண்ணியே இல்லை."

"அந்த மெஷினை ஒரு தடவை கண்ணால பாக்கலாமா?"

விரிவுரையாளர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "கருவி அறைக்கு மேம்பட்ட பயிற்சி முடிச்சவங்கதான் போகலாம். நான் பதினோரு வருஷமா விண்ணப்பம் போட்டிருக்கேன்."

பரீட்சையில் பளிச்சக்கா தேறினாள். மீன்பண்ணைக்காரர் இந்த முறையும் தோற்றார். 'ஒளியை உட்கொள்ளும் பொருள்' என்ற இடத்தில் பழக்கதோஷத்தில் நாரை என்று எழுதிவிட்டார்.

அவள் ஏழாவது கட்டத்தில் ஐந்நூற்றுப் பத்து என்று எழுதி, பாட்டிலை ஒப்படைத்தாள். இரண்டாம் நாள் முடிவு வந்தது. உட்கொண்ட ஒளி: பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம். இரும்பு: இல்லை. தரம்: மிகத் தூயது.

பளிச்சக்கா பையிலிருந்து இன்னொரு பாட்டிலை எடுத்தாள். எழுத்தர் கண் முன்னாலேயே ஒரு மூடி பிளீச்சை ஊற்றிக் குலுக்கி மேஜைமேல் வைத்தாள். இருவரும் காத்திருந்தார்கள். தேநீர் ஆனது.

"இப்ப சொல்லுங்க சார்."

"என்னத்தைச் சொல்ல? மிகத் தூயதுன்னு நாங்க எழுதிக் கொடுத்த தண்ணியை நீங்க பிளீச் ஊத்திக் கெடுத்திருக்கீங்க. பொது நீரைக் கெடுத்தல்னு தனிப் பிரிவு இருக்கு. நீங்க நம்ம மாணவிங்கறதால விடறேன்."

அவள் சத்தம் போட்டதில் கருவி அலுவலரே மாடியிலிருந்து இறங்கி வந்தார். ஒல்லியான மனிதர். பாட்டிலின் பழுப்பைப் பார்த்தார். பார்த்ததை மறைக்கிறவர்போலச் சுவரைப் பார்த்தார். "கருவிக்குக் கண்ணு கிடையாதும்மா. அதனால அதுக்கு ஓரவஞ்சனையும் கிடையாது" என்று மனப்பாடம் ஒப்பித்துவிட்டு ஏறிப் போய்விட்டார்.

அதற்குள் எழுத்தர் பதிவேட்டைப் பார்த்துத் துள்ளி எழுந்தார். "அம்மா! உங்க வரிசை எண் என்ன தெரியுமா? பத்தாயிரம்! நிலையம் கொடுத்த பத்தாயிரமாவது தூய்மைச் சான்றிதழ் உங்களுது!"

மாடியெல்லாம் மணி அடித்தார்கள். இயக்குநர் அவளைத் தம் அறைக்கு அழைத்து உட்காரச் சொன்னார். வரும் வெள்ளிக்கிழமை விழா. மேடையில் கருவியை வைத்து, அவளுடைய தண்ணீரையே மறுபடி அளந்து காட்டி, சட்டம் போட்ட சான்றிதழை வழங்கப்போகிறார்கள். முக்கியமானவர்களுக்கெல்லாம் அழைப்பு. "ஆஸ்பத்திரியிலேருந்து தலைமை நர்ஸும் வர்றாங்க" என்றார் இயக்குநர், அவளுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி என்று நினைத்து.

பளிச்சக்கா கணக்குப் போட்டுப் பார்த்தாள். தண்ணீர் சுத்தம் என்று நர்ஸின் முன்னால் மேடை போட்டுச் சொல்லிவிட்டால் அழுக்கு யார்? அவள்தான்.

"பொன்னாடை போர்த்தியே கழுத்தை நெரிக்கறாங்களே" என்றார் புருஷன், இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு. "உடம்பு சரியில்லைன்னு சொல்லிடு. போகாதே."

"போகாம இருந்தாலும் நம்ம பேரைத்தான் படிப்பாங்க. நான் போறேங்க. மூணு நாள் உக்காந்து படிச்சிருக்கேன், அந்த மெஷின் கறுப்பா சிவப்பான்னு இன்னும் தெரியல. அதையாவது பாத்துட்டு வர்றேன்."

"பாத்து?"

"பாத்தாத்தானே தெரியும்."

வெள்ளிக்கிழமை மண்டபம் நிரம்பியது. கருவியை நாலு பேர் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள், பட்டுத்துணி போர்த்தி. துணி விலகியபோது விரிவுரையாளர் எழுந்து நின்றார், கண்களில் நீர். பதினோரு வருஷம்! பளிச்சக்காவுக்கு அது பெரிய ரொட்டிப் பெட்டிபோலத்தான் தெரிந்தது, முன்பக்கம் எண்கள் காட்டும் சின்னத் திரையோடு.

உள்ளே விளக்கு சூடேற அரைமணி ஆகும். அதுவரை எல்லோரும் எழுந்து மௌனமாக நிற்பது நிலையத்தின் மரபு. நின்றார்கள். இருபதாவது நிமிஷம் மீன்பண்ணைக்காரர் நாற்காலியின் முதுகில் சாய்ந்தார். எழுத்தர் அவரைத் தட்டி நிமிர்த்தினார். மணி அடித்ததும் அனைவரும் பெருமூச்சோடு உட்கார, இயக்குநர் ஒலிபெருக்கி முன் வந்தார்.

"நண்பர்களே! இந்த நிலையம் ஆரம்பிச்ச முதல் ரெண்டு வருஷத்துல ஒரு தண்ணிகூடத் தேறலை. எங்க பாத்தாலும் புகார், சண்டை, ஊர்வலம். நான் பொறுப்புக்கு வந்தேன். அன்னைலேருந்து இன்னை வரைக்கும் ஒரு தண்ணிகூடத் தோக்கலை. இடையில குழாயை மாத்தினோமா? இல்லை. கிணத்தை மாத்தினோமா? இல்லை. இத்தனைக்கும் நாங்க தண்ணியைத் தொடவே இல்லை. அளவையில இருந்த கோளாறைச் சரிபண்ணினோம், அவ்வளவுதான்!"

கைதட்டல் நெடுநேரம் நீடித்தது.

பிறகு செய்முறை. கருவி அலுவலர் விரலளவு சதுரக் கண்ணாடிக் குப்பிகள் இரண்டை எடுத்தார். ஒன்றில் பளிச்சக்காவின் தண்ணீரை ஊற்றினார். இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் பின்னால் போய் நிரப்பிக்கொண்டு வந்தார். இரண்டிலும் மருந்துத் துளி விட்டு மேஜையில் வைத்தார். முதல் வரிசையில் இருந்த பளிச்சக்கா எட்டிப் பார்த்தாள். வெள்ளையில் பதினொன்றைப் பிரிக்கிற கண்ணுக்குச் செம்மஞ்சள் எம்மாத்திரம்? இரண்டு குப்பியும் ஒரே செம்மஞ்சள், இரட்டைப் பிள்ளைகள்போல.

ஒரு குப்பியை உள்ளே வைத்துப் பூஜ்யம் ஆக்கினார். மற்றதை வைத்தார். திரையில் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம். மண்டபம் ஆர்ப்பரித்தது. சான்றிதழைக் கையில் கொடுத்து நன்றி சொல்லச் சொன்னார்கள். பளிச்சக்கா ஒலிபெருக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் பேசத் தெரியாது. ஒரே ஒரு சந்தேகம். நம்ம சார் பாடத்துல, வெறும் தண்ணில மருந்து போட்டா நிறம் வராது, வந்தா அது வெறும் தண்ணியே இல்லைன்னு சொல்லிக்கொடுத்தாரு. இங்க ரெண்டும் சிவந்திருக்கே. அந்த வெறும் தண்ணியை எங்கேருந்து சார் பிடிச்சீங்க?"

கருவி அலுவலர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் தலையாட்டினார், பெருமையோடு.

"பின்னால குழாயில" என்றார் அலுவலர்.

"ஊர்க் குழாய்லயா?"

"காய்ச்சி வடிச்ச தண்ணி நிலையத்து வண்டிகளோட பேட்டரிக்கு ஒதுக்கீடு ஆயிருக்கு. ஒன்பது வண்டி."

"அப்ப ஊர்த் தண்ணியை ஊர்த் தண்ணியோடயே வெச்சுப் பாக்கறீங்க. எங்க வீட்டு அழுக்கு வேட்டியைப் பக்கத்துல இன்னொரு அழுக்கு வேட்டியை வெச்சுப் பாத்தா ரெண்டும் வெள்ளைதானே சார்?"

மண்டபத்தில் சலசலப்பு. இயக்குநர் சிரித்தபடி ஒலிபெருக்கியை வாங்கினார். "அம்மா நல்ல கேள்வி கேட்டாங்க. எங்கேயோ ஆகாசத்துல இருக்கற சுத்தத்தோட நம்ம தண்ணியை ஏன் ஒப்பிடணும்? அது நம்மை நாமே தாழ்த்திக்கறது. நம்ம தண்ணிக்கு நம்ம தண்ணிதான் அளவுகோல். இதுக்குப் பேர் தன்னம்பிக்கை!"

மறுபடி கைதட்டல். அதன் நடுவே தலைமை நர்ஸ் எழுந்து மேடைக்கு வந்தார். வார்டிலிருந்து நேராக வந்திருந்ததால் மேலங்கிப் பையில் ஊசி மருந்து கலக்கும் தண்ணீர்க் குப்பி ஒன்று கிடந்தது. அதன் கழுத்தை உடைத்துக் கருவி அலுவலரிடம் நீட்டினார்.

"இதையும் கொஞ்சம் பாத்துடுங்க. ஒரு தொந்தரவும் இல்லையே?"

அலுவலர் ஒரு குப்பியைக் கழுவி அதை ஊற்றி மருந்து விட்டார். நிறம் வரவில்லை. கருவிக்குள் வைத்தார். திரை ஒரு கணம் தடுமாறி, பிறகு காட்டியது: கழித்தல் பூஜ்யம் புள்ளி மூன்று எட்டு பூஜ்யம்.

இப்படியொரு எண்ணை அங்கே யாரும் பார்த்ததில்லை. விரிவுரையாளர் மட்டும் "பூஜ்யத்துக்கும் கீழே..." என்று முனகிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அவருக்குப் புரிந்துவிட்டது. பளிச்சக்காவுக்கும் புரிந்துவிட்டது. நர்ஸுக்குப் பாடம் தெரியாது, இருந்தாலும் புரிந்துவிட்டது.

இயக்குநருக்கும் ஒன்று புரிந்தது. அவர் கருவியைச் சுட்டிக்காட்டினார். "மிகத் தூயதுன்னா பூஜ்யம். இது பூஜ்யத்துக்கும் கீழ. அதாவது, இல்லாததைவிட இல்லாம இருக்கு. இயற்கைக்கு இது அடுக்குமா? இந்தத் தண்ணில ஏதோ குறை இருக்கு!"

மீன்பண்ணைக்காரர் எழுந்தார், நிஜமான கவலையோடு. "ஐயா, அப்ப இதை ஊசியில போட்டா நம்ம ரத்தத்துல இருக்கற இரும்பை இழுத்துக்குமா?"

"அதைத்தான் நிலையம் விசாரிக்கப்போகுது" என்றார் இயக்குநர்.

அங்கேயே, அந்த மேடையிலேயே, உத்தரவு எழுதப்பட்டது. ஆஸ்பத்திரியில் பயன்படும் ஊசித் தண்ணீர் தரத்திலிருந்து ஆபத்தான அளவில் விலகியிருப்பதால், அளவு பூஜ்யத்துக்கு உயரும்வரை அதில் ஊர்க் குழாய்த் தண்ணீரைக் கலந்து பயன்படுத்த வேண்டும். இயக்குநர் கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, தலைமை நர்ஸிடம் ஒரு கும்பிடு போட்டுக் கொடுத்தார்.

நர்ஸ் அதை இரண்டு முறை படித்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வெளியே வந்ததும் பளிச்சக்காவின் கையைப் பிடித்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

"நீங்க எழுத்துல கேட்டது கிடைச்சுதா சிஸ்டர்?" என்றாள் பளிச்சக்கா பயந்தபடி.

"இதைவிட எழுத்துல யாரால தர முடியும்? ஊசித் தண்ணில குழாய்த் தண்ணியைக் கலக்கச் சொல்ற இந்த ஒரு தாளை எனக்கு மேல இருக்கறவங்ககிட்டக் காட்டினாப் போதும். உங்களை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, மூட்டை வழக்கம்போல வரும். ஆனா அக்கா, விரிப்பு வெள்ளையாகணுமே."

"அது என் பாடு" என்றாள் பளிச்சக்கா.

தண்ணீரைப் பழுப்பாக்குவது எதுவோ, அதையே வைத்து இரும்பைப் பிடித்தாள். துணியோடு சேர்த்து ஊற்றிய பிளீச்சைத் துணிக்கு முன்னாலேயே ஊற்றினாள். கொல்லையில் இரண்டு பெரிய தொட்டிகள். முதல் தொட்டியில் தண்ணீரை நிரப்பி, அளவாகப் பிளீச் கலந்து ஒரு நாள் முழுக்க அசைக்காமல் விட்டாள். இரும்பெல்லாம் துருவாகித் திரிந்து அடியில் உட்கார்ந்தது. மேல் தண்ணீரை மட்டும் இழுத்து, மணல் நிரப்பிய பீப்பாய் வழியாக இரண்டாவது தொட்டிக்கு இறக்கினாள். மணலை அலசி அலசிப் போட்டது புருஷன். ஒரு வாரம் அவர் இடுப்பு நிமிரவில்லை. பத்தாம் நாள் முதல் விரிப்பைக் கொடியில் விரித்தபோது இருவரும் எட்ட நின்று பார்த்தார்கள்.

"எத்தனாவது வெள்ளை?" என்றார் அவர்.

"முதலாவது" என்றாள். அவர் அடுத்த விரிப்பை எடுத்துக் கொடுத்தார்.

சலவைக்கூடத்துத் தண்ணீர் பற்றிய சேதி நிலையத்தின் காதுக்கு எட்ட ஒரு மாதம் ஆயிற்று. யாரோ வந்து மாதிரி எடுத்துப் போனார்கள். அடுத்த வாரம் கருவி அலுவலர் தம் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, அறிவிப்பை நீட்டினார். சலவைக்கூடத்துத் தண்ணீர் ஊர்த் தரத்துக்குப் பூஜ்யம் புள்ளி மூன்று ஏழு ஒன்று கீழே இருக்கிறது. ஏழு நாளில் அதைத் தரத்துக்கு உயர்த்தாவிட்டால், வழங்கப்பட்ட பத்தாயிரமாவது சான்றிதழ் திரும்பப் பெறப்படும்.

"தாராளமா எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க சார். ஆணியோட எடுத்துக்கலாம்" என்று சொல்லிப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டாள்.

அலுவலர் போகவில்லை. கொடியில் ஆடிக்கொண்டிருந்த விரிப்புகளைப் பார்த்தபடி நின்றார்.

"எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்கம்மா. முதல் ரெண்டு வருஷம் நல்ல தண்ணியைத்தான் வெச்சு அளந்தேன். தினமும் திட்டு. ஊர்க்காரங்களும் திட்டினாங்க, மேல இருக்கறவங்களும் திட்டினாங்க. ஒருநாள் குழாய்த் தண்ணியை வெச்சேன். அன்னைக்கு யாருமே திட்டலை. சாயங்காலம் வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்கினேன். அதுக்கப்புறம் மாத்த மனசு வரல."

"உங்க வீட்டுல எந்தத் தண்ணி சார்?"

அவர் வண்டியின் பின்பக்கம் போய்க் கயிற்றை அவிழ்த்து இரண்டு பெரிய கேன்களை இறக்கினார். கூச்சத்தோடு அவற்றைத் தொட்டியருகே கொண்டுவந்து வைத்தார்.

"சின்னவளுக்கு வயித்துவலி விடமாட்டேங்குது. வீட்டுக்காரி உங்ககிட்டப் போய்க் கேக்கச் சொன்னா" என்றார்.

பளிச்சக்கா இரண்டாவது தொட்டியின் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் கேனில் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"சான்றிதழ் ஏதும் எழுதித் தரணுமா சார்?"

"வேண்டாம்மா" என்றார் கருவி அலுவலர், கேனின் மூடியைத் துடைத்தபடி. "அது எங்க வீட்டுலயே நிறைய இருக்கு."